பச்சை குத்திய தோல் ஆறும் விதம்

பச்சை குத்திக்கொண்டு வீடு திரும்புகிறவர், தம் தோளிலோ முன்கையிலோ ஒரு சித்திரம் பூர்த்தியாகிவிட்டது என்று எண்ணி மகிழ்வது இயல்பே. ஆயினும் சரீர சாஸ்திரத்தின் பார்வையில் அந்த நேரத்தில் அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான நுண்துளைகளாலான ஒரு புண். சித்திரம் என்று நாம் சொல்வது, அந்தப் புண் முறையாக ஆறிய பிறகு எஞ்சி நிற்கப்போகிற பாகம். எஞ்சுவது தெளிவான கோடுகளாக இருக்குமா, அல்லது ஆங்காங்கே வெளிறியும் தடித்தும் போன தழும்பாக இருக்குமா என்பது குத்தியவருடைய கைத்திறமையோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்து வரும் இரண்டு மூன்று வாரங்களில் குத்திக்கொண்டவர் நடந்துகொள்ளும் விதத்தையும் அது பொறுத்திருக்கிறது. அந்த நடத்தையின் பெரும்பகுதி, சில காரியங்களைச் செய்யாமலிருப்பதில் அடங்கியிருக்கிறது. புண்ணை ஆற்றும் வித்தையைச் சரீரம் ஒருவரும் கற்றுக்கொடுக்காமலே அறிந்திருக்கிறது. அதற்குக் குறுக்கே நில்லாதிருப்பதே பராமரிப்பின் சாரம். இது எப்படி என்று விளங்க வேண்டுமானால், குத்திய மை எங்கே போய்த் தங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நம்முடைய தோலின் புறத்தே இருக்கும் மேல்தோல், சரீரத்தின் பெரும்பாலான பிரதேசங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனமே உடையது. உள்ளங்காலில் மட்டும் ஒரு மில்லிமீட்டரையும் தாண்டித் தடித்திருக்கும். இதன் அடிவரிசையிலுள்ள உயிரணுக்கள் ஓயாமல் பெருகி, புதியவை பழையவற்றை மேலே தள்ள, மேலே வந்தவை உயிரிழந்து தட்டையான செதில்களாகி, ஒரு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நமக்குத் தெரியாமலே உதிர்ந்துபோகின்றன. மருதாணியின் சிவப்பு இரண்டொரு வாரங்களில் மங்கிவிடுவதற்கு இதுவே காரணம். அது இறந்துபோன மேற்செதில்களில் மட்டும் படிகிறது, அவை உதிரும்போது கூடவே போய்விடுகிறது. பச்சை நிலைத்திருக்க வேண்டுமானால் மை இந்த அடுக்கைக் கடந்து, கொலாஜன் நார்களும் இரத்தக் குழாய்களும் நரம்பு நுனிகளும் நிறைந்த அடித்தோலைச் சென்றடைய வேண்டும். ஆகையால் ஊசி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இறங்குகிறது. அதற்கு மேலே நின்றுவிட்டால் மை உதிர்ந்துவிடும். கீழே கொழுப்புப் படலம் வரை போய்விட்டாலோ மை பரவி, கோட்டின் ஓரம் கலங்கிவிடும். இந்தச் சிறிய இடைவெளிக்குள் கையை நிறுத்திப் பழகுவதுதான் இத்தொழிலின் நுட்பம் முழுவதும்.

கருவி மாறியிருக்கிறதே ஒழிய காரியம் மாறவில்லை. 1991-ல் ஆஸ்திரியா, இத்தாலி எல்லையிலுள்ள ஆல்ப்ஸ் பனியிலிருந்து வெளிப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலில் 61 பச்சைக் குறிகள் கரிய கோடுகளாக இன்னும் தெரிகின்றன. அவை கரியினால் ஆனவை. தென்னாட்டில் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்திய குறவர் குலப் பெண்கள், மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்துத் துணியிலிட்டுத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியின் உட்புறத்தில் படிந்த கரியைச் சுரண்டி மையாகக் குழைத்துக்கொண்ட விதத்தை, எட்கர் தர்ஸ்டன் 1906-ல் வெளியான தம் நூலில் விவரித்திருக்கிறார். மின்சாரத்தால் இயங்கும் ஊசிக்கு 1891-ல் நியூயார்க்கில் காப்புரிமை பெற்ற சாமுவேல் ஓ'ரைலி, அதற்கு மூலமாகக் கொண்டது எடிசனுடைய மின்பேனாவை. தாளில் துளைகளிட்டுப் பிரதிகள் எடுப்பதற்காக 1876-ல் காப்புரிமை பெற்ற அந்தப் பேனா, அலுவலகங்களில் நிலைக்காமல், மனிதத் தோலிலே தனக்கோர் இடத்தைத் தேடிக்கொண்டது. குறத்தியின் கையூசியாயினும், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறியிறங்கும் இக்காலத்து இயந்திரமாயினும், தோலுக்குக் கிடைப்பது ஒன்றே: எண்ணற்ற துளைகள், அவற்றுள் அன்னியப் பொருளின் துகள்கள்.

அன்னியப் பொருள் உள்ளே நுழைந்தால் சரீரம் என்ன செய்கிறது என்பதை முதன்முதலில் கண்ணாரக் கண்டவர் ருஷ்ய விஞ்ஞானி ஈலியா மெச்னிகாஃப். 1882-ல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த அவர், குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்த வேளையில் தனியே உட்கார்ந்து, நட்சத்திர மீனின் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் இளம் உயிர்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று தோன்றிய ஓர் எண்ணத்தினால், தோட்டத்து ரோஜா முள்ளை எடுத்து அவற்றின் உடலில் செருகினார்; மறுநாட்காலையில் பார்த்தபோது, அலைந்து திரியும் உயிரணுக்கள் திரண்டு வந்து அந்த முள்ளைச் சூழ்ந்துகொண்டிருந்தன. அன்னியப் பொருள்களையும் கிருமிகளையும் விழுங்குவதற்கென்றே சரீரத்தில் உயிரணுக்கள் உண்டு என்ற கொள்கை அங்கே பிறந்தது. 1908-ல் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

பச்சை குத்திய இடத்திலும் இதுவே நிகழ்கிறது. முதலில் இரத்தம் உறைந்து துளைகள் அடைபடுகின்றன. ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்கள் வெளிப்பட்டு, இரத்தக் குழாய்கள் விரிந்து, இடம் சிவந்து வெதுவெதுப்பாக வீங்குகிறது. சில மணி நேரத்துக்குள் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் பெருவிழுங்கிகள் எனப்படுபவை மைத் துகள்களை விழுங்குகின்றன. கிருமியாக இருந்தால் அவை செரித்துவிடும். கரியையும் உலோக ஆக்ஸைடுகளையும் செரிக்க அவற்றால் இயலாது. செரிக்க முடியாததைக் கைவிடவும் அவற்றின் சுபாவம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே துகள்களை வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. நாம் தோலின் வழியாகப் பார்க்கும் கோடு, இந்த அணுக்கள் அணிவகுத்து நிற்கும் கோடுதான். இந்த அணுக்களும் சிரஞ்சீவிகள் அல்லவே, அவை மாண்டபின் மை என்னவாகிறது என்ற கேள்விக்கு, பிரான்ஸ் தேசத்து மார்செய் நகர ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் விடையளித்தார்கள். எலிகளின் வாலில் பச்சை நிற மையைக் குத்தி, பிறகு அங்குள்ள விழுங்கும் அணுக்களை மட்டும் அழித்துப் பார்த்தபோது, சித்திரம் மாறவில்லை. தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை ஏற்றுக்கொள்வதுபோல, மடிந்த அணுக்கள் விட்டுச்சென்ற துகள்களை, புதிதாக வந்த அணுக்கள் அதே இடத்தில் விழுங்கி வைத்துக்கொண்டன. துகள்களில் ஒரு பகுதி நிணநீரோடு ஓடி அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள நிணநீர் முடிச்சுகளைச் சென்றடைந்து அவற்றுக்கு நிறமேற்றுவதும் உண்டு. நிலைத்த பச்சை என்பது, ஆகவே, சரீரம் நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஒரு ஏற்பாடு. இதை மனத்தில் கொண்டால், பராமரிப்பு விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானே விளங்கும்.

முதல் நாளில் துளைகளிலிருந்து இரத்தமும், வைக்கோல் நிறமுள்ள நீரும், தங்காமற்போன மையும் கலந்து கசியும். சித்திரமே கரைந்து போகிறதோ என்று பயப்பட வேண்டியதில்லை. கசிவது மிகுதியான மை. குத்தியவர் மேலே ஒட்டியது சாதாரண நெகிழித்தாளாக இருந்தால், சில மணி நேரத்தில் அதை எடுத்துவிடுவது நல்லது. காற்று புகும் மெல்லிய மருத்துவப் படலமாக இருந்தால், அவர் சொல்லும் நாட்கள் வரை விட்டுவைக்கலாம். எடுப்பதற்கு முன்பு கைகளைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவிக்கொள்வது, இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் எல்லாவற்றிலும் முக்கியமானது. புண்ணில் சீழ் வைக்கச் செய்யும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி, ஆரோக்கியமானவர்களின் மூக்கினுள்ளேயும் கைகளிலும் யாதொரு தொந்தரவுமின்றி வசிப்பது. புண்ணுக்கு அதைக் கொண்டு சேர்க்கும் வாகனம் அநேகமாக நம் விரல்களே. வெதுவெதுப்பான நீரையும் வாசனையற்ற மிதமான சோப்பையும் கொண்டு, துணியோ நாரோ போடாமல், உள்ளங்கையால் மெதுவாகக் கழுவி, காகிதத் துண்டினால் ஒற்றியெடுக்க வேண்டும். குளியலறையில் தொங்கும் பூத்துவாலை எவ்வளவு வெளுத்திருந்தாலும், அதன் ஈர இழைகளில் கிருமிகள் குடியிருக்கும். அதன் நூல்கள் பொருக்கில் சிக்கிக்கொண்டும் விடும்.

புண்ணை உலர விட வேண்டும் என்று நெடுங்காலம் வைத்தியர்களும் நம்பியிருந்தார்கள். 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், இளம் பன்றிகளின் தோலில் ஆழமற்ற புண்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்தபடி விட்டு, சிலவற்றின் மேல் பாலிதீன் படலத்தைப் போர்த்திப் பார்த்தார்; போர்த்தப்பட்டவற்றில் புதுத் தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. விளிம்பிலிருந்தும், உரோமக் கால்களின் சுவர்களிலிருந்தும் புறப்படும் மேல்தோல் அணுக்கள் ஈரமான பரப்பிலேதான் ஊர்ந்து செல்ல இயலும். மேற்பரப்பு காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால், அவை பொருக்கின் அடியிலே ஈரமுள்ள ஆழத்தைத் தேடி இறங்கி, வழிவெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வின்டரின் அந்தச் சிறிய கட்டுரையிலிருந்தே இன்றைய காயக்கட்டு முறைகள் பலவும் கிளைத்தன. நோயாளிகளின் வேதனையை இவ்வளவு குறைத்த ஒரு சோதனை இன்னும் பரவலாக அறியப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதிலிருந்து களிம்பின் நியாயம் புலப்படும். கழுவி ஒற்றிய பின், மணமற்ற களிம்பையோ கிரீமையோ, தோல் மினுங்கும் அளவுக்கு மட்டும், மிக மெல்லியதாகப் பூச வேண்டும். தடிப்பாக அப்பினால் அடியில் நீர் தேங்கி, தோல் ஊறி வெளுத்து, பொருக்கு கூழாகி, மையும் அதனோடு போய்விடும். நம் ஊர்களில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவும் வழக்கம் உண்டு. மஞ்சளின் குணங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுக்களை டப்பாவிலிருக்கும் மஞ்சள்தூள் நிலத்திலிருந்து வந்தது. அதில் கொதிநீருக்கும் சாகாத கிருமி விதைகள் இருக்கக் கூடும். அதன் துகள்களும் ஆறாத துளைக்குள் ஓர் அன்னியப் பொருளே. தோல் முழுவதும் மூடிய பிறகு தேங்காயெண்ணெய் தடவுவதில் தோஷமில்லை; திறந்த புண்ணில் இரண்டும் வேண்டாம்.

மூன்றாம் நாளுக்குள் சிவப்பும் வீக்கமும் தணியத் தொடங்கும். அதன்பின் ஒரு வாரமோ இரண்டு வாரமோ, குத்திக்கொண்டவருடைய பொறுமையைச் சோதிக்கும் கட்டம் வருகிறது: தோல் வறண்டு, மை படிந்த செதில்கள் உரியும், அரிப்பு தூக்கத்தையும் கெடுக்கும். ஹிஸ்டமினும், மீண்டும் துளிர்க்கும் நரம்பு நுனிகளும், வறட்சியும் சேர்ந்து உண்டாக்கும் இந்த அரிப்பு, ஆறுதலின் அடையாளமேயன்றி நோயன்று. உதிரும் செதிலிலுள்ள நிறம் மேல்தோலில் சிக்கிய மை. எப்படியும் போக வேண்டியது. ஆனால் இன்னும் விடாத பொருக்கைப் பிய்த்தால் விஷயம் வேறு: அதன் வேர் அடித்தோல் வரை பற்றியிருக்கும், இழுத்தால், துகள்களை விழுங்கி நிற்கும் அணுக்கள் உள்ள திசுவும் கூடவே வந்து, அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நிரந்தரமாகிவிடும், நகத்தின் அழுக்கு உள்ளே நுழைவதும் உண்டு. தாங்க முடியாதபோது சுத்தமான உள்ளங்கையால் இலேசாகத் தட்டலாம், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான மெல்லிய துணியைச் சிறிது நேரம் வைக்கலாம், அவசியமானால் ஹிஸ்டமினை அடக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு உட்கொள்ளலாம். இறுக்கமான உடையும், தோளில் மாட்டும் பையின் வாரும் இந்நாட்களில் அவ்விடத்தை உராயாதபடி பார்த்துக்கொள்வது நன்று.

தண்ணீரை மேலே ஊற்றிக் குளிப்பது வேறு, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பது வேறு. முன்னதால் தீங்கில்லை. பின்னதோ, தோல் மூடும் வரை, அதாவது இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை, குளமாயினும் ஆறாயினும் கடலாயினும் நீச்சல் குளமாயினும் தவிர்க்கத்தக்கது. கடல்நீர் புண்ணை ஆற்றும் என்று கடலோரவாசிகள் பலர் நம்புகிறார்கள். வெப்பக் கடல்களில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் கிருமி அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது. நாட்பட்ட கல்லீரல் நோயுடைய ஒருவர், பச்சை குத்திக்கொண்ட ஐந்தாம் நாள் மெக்ஸிகோ வளைகுடாவில் நீந்தியதன் விளைவாக இக்கிருமி தொற்றி, நீண்ட சிகிச்சைக்குப் பிறகும் இறந்துபோனதை 2017-ல் ஒரு மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது. இது அபூர்வம், ஆரோக்கியமானவருக்கு இத்தகைய கதி நேர்வது அரிது. ஆயினும் கல்லீரல் நோயாளிகளும், நீரிழிவு உள்ளவர்களும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உண்பவர்களும், பச்சை குத்திக்கொள்வதற்கு முன்பே மருத்துவருடைய அபிப்பிராயத்தைக் கேட்பது அவசியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

சூரியனைப் பற்றி நம் நாட்டில் விசேஷமாகவே சொல்ல வேண்டும். புதுத் தோல் மெல்லியது. புற ஊதாக் கதிர்களில் நீண்டவை அதைக் கடந்து அடித்தோலையும் எட்டும். கரி அவற்றால் அவ்வளவாகச் சிதைவதில்லை. சிவப்பு, மஞ்சள் முதலிய வர்ணங்களுக்குப் பயன்படும் அசோ சாயங்களோ வெளிச்சத்தில் உடைந்து வெளிறுகின்றன. தவிர, மாநிறமும் கருநிறமும் உடைய நம் தோலில், அழற்சியுற்ற இடத்தில் வெயில் பட்டால் மெலனின் மிகுதியாகச் சுரந்து, சித்திரத்தைச் சுற்றிக் கருமை படர்ந்து மாதக்கணக்கில் நீடிக்கும். புண் மூடும் வரை தளர்ந்த பருத்தித் துணியால் மறைப்பதே வழி. வெயில் தடுப்புக் கிரீமை ஆறாத தோலில் பூசக்கூடாது. ஆறிய பிறகு, பாதுகாப்பு எண் 30-க்குக் குறையாத கிரீமை வெளியே செல்லும்போதெல்லாம் பூசினால், நிறம் பல ஆண்டுகள் மங்காதிருக்கும்.

இவ்வளவு செய்தும் கோளாறு நேரலாம். எப்போது வீட்டுப் பராமரிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று அறிந்திருப்பதும் பராமரிப்பைச் சேர்ந்ததே. நாளாக ஆகக் குறைய வேண்டிய வலி கூடினாலும், சிவப்பு சித்திரத்தின் எல்லையைத் தாண்டிப் பரவினாலும், சிவந்த ரேகைகள் அங்கிருந்து மேல்நோக்கி ஓடினாலும், சீழ் வடிந்தாலும், நெறி கட்டினாலும், காய்ச்சலோ குளிரோ கண்டாலும், தாமதம் கூடாது. மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் மாத்திரை இங்கே உதவாது. இன்னொரு வகைத் தொற்று மெதுவாக வருவது. 2011-ல் நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர் நகரில், ஒரே கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்கு, காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவான மைக்கோபாக்டீரியம் கெலோனே என்னும் கிருமியால், சாம்பல் நிறம் பட்ட இடங்களில் மட்டும் கொப்புளங்கள் கிளம்பின. கிருமி இருந்தது மையிலேயே. அவர்கள் எவ்வளவு கவனமாகக் கழுவியிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. கல்லீரல் அழற்சி வைரஸ்களும் அப்படியே: ஊசி அசுத்தமாக இருந்தால் பின்னர் செய்யும் பராமரிப்பு எதுவும் அதை மாற்றாது. நியூயார்க் மாநகரம் 1961-ல் மஞ்சள் காமாலைக்கு அஞ்சி இத்தொழிலையே தடைசெய்து, 1997-ல்தான் தடையை நீக்கியது. புதிய ஊசி தம் கண்ணெதிரே உறை பிரிக்கப்படுவதையும், மை சிறு கிண்ணத்தில் தமக்கென்று தனியே ஊற்றப்படுவதையும் பார்ப்பதும், டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக் காலம் கடந்துவிட்டதா என்று விசாரித்துக்கொள்வதும் ஆகவே முதல் நாளுக்கும் முந்திய பராமரிப்பு. குடும்பத்தில் காது குத்திய இடத்தில்கூடத் தழும்பு மேடிட்டு வளரும் வழக்கமிருந்தால், அதாவது கெலாய்டு சுபாவம் இருந்தால், பச்சை குத்திக்கொள்ளாமலிருப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாம் வாரத்தில் சித்திரம் பால் படர்ந்ததுபோல் மங்கித் தோன்றும். புதிதாக எழுந்த மேல்தோல் இன்னும் தன் ஒழுங்குக்கு வராமல், ஒளியைச் சிதறடிப்பதால் வரும் தோற்றம் இது. சில வாரங்களில் தெளிந்துவிடும். அடியில் கொலாஜன் நார்கள் மறுபடி நெய்யப்பட்டு ஒழுங்காவதற்கு மாதங்கள் செல்லும். ஆகையால் எங்கேனும் கோடு விட்டுப்போயிருந்தால், உடனே திருத்தச் சொல்லி அவசரப்படாமல், இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்திருந்து, தோல் முழுவதும் அமைந்த பின்னரே மறுபடி ஊசியிடச் செய்ய வேண்டும். ஆறாத தோலின் மேல் மீண்டும் குத்தினால் மை தங்காது, தழும்பே தங்கும். இரத்த தானம் செய்யும் வழக்கமுள்ளவர்கள், இந்தியாவில் பச்சை குத்திக்கொண்ட நாளிலிருந்து 12 மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும் என்ற விதியையும் நினைவில் வைத்து, இரத்த வங்கியில் கேட்கும்போது மறைக்காமல் தேதியைச் சொல்லிவிட வேண்டும்.